வலது சீட்ல உட்கார்ந்தா கோ-பைலட் ஹவர்ஸ் வந்துடுமா?

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல கமர்ஷியல் லைசன்ஸ் வாங்கிட்டு, ஏர்லைன் வேலைக்கு வேண்டிய ஏ.டி.பி. லைசன்ஸுக்கான 1500 மணி நேரத்தை எப்படி எட்டுறதுன்னு தவிச்சுக்கிட்டிருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்குத்தான் இந்த வீடியோ. "அண்ணா, கிங் ஏர்ங்கிற சின்ன ரெட்டை இன்ஜின் விமானத்துல வலது சீட் தர்றாங்களாம், மணிக்கு இவ்வளவுன்னு காசு கேக்குறாங்க, அதை எஸ்.ஐ.சி. (செகண்ட் இன் கமாண்ட், அதாவது கோ-பைலட்) நேரம்னு லாக்புக்ல எழுதலாமா?" இதே கேள்வி திரும்பத் திரும்ப வருது. காசைக் கட்டுறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு முழுசா கேளுங்க.

அங்க விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துற எஃப்.ஏ.ஏ.வோட விதி 61.51-ல எஸ்.ஐ.சி. நேரத்துக்குன்னே ஒரு பிரிவு இருக்கு. அது முதல்ல பார்க்கிறது இந்த ஃப்ளைட்டுக்கு ரெண்டாவது பைலட் கட்டாயமாங்கிறதைத்தான். அந்த விமான மாடலுக்குக் கொடுத்த டைப் சர்ட்டிஃபிகேட், ரெண்டாவது பைலட் கட்டாயம்னு சொல்லணும், இல்லேன்னா அந்த ஃப்ளைட் எந்த விதிக்குக் கீழ பறக்குதோ அந்த விதி சொல்லணும். கிங் ஏர் 200, பி.சி.-12, கேரவன் எல்லாமே ஒரே பைலட் ஓட்டலாம்னு சர்ட்டிஃபிகேட் வாங்கினதுங்க. ஓனர் ஆசைப்பட்டாரு, இன்ஷூரன்ஸ் கம்பெனி ரெண்டு பேர் வேணும்னுச்சு, இதெல்லாம் கணக்குல வராது. இன்ஷூரன்ஸ் பாலிசி எஃப்.ஏ.ஏ. விதி இல்ல.

அப்போ சின்ன விமானத்துல வழியே இல்லையா? இருக்கு. நண்பர் வெளிய தெரியாதபடி கண்ணை மறைக்கிற ஹுட் போட்டுக்கிட்டு, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுற இன்ஸ்ட்ருமென்ட் ப்ராக்டிஸ் பண்றாருன்னா, வெளிய பார்க்க ஒரு சேஃப்டி பைலட் இருந்தே ஆகணும். விதி 91.109 அதைக் கட்டாயமாக்குது. அதனால அந்த நேரத்தை நீங்க எஸ்.ஐ.சி.ன்னு எழுதலாம். ஆனா ஹுட் போட்டிருந்த நேரம் மட்டும். மொத்த ஃப்ளைட் 2.0 மணி நேரம், ஹுட் 1.4-ன்னா உங்களுக்கு 1.4தான். டாக்ஸி, டேக்-ஆஃப், லேண்டிங் சேராது. க்ராஸ்-கன்ட்ரி (வேற ஊருக்குப் பறந்த) நேரம்னும் எழுத முடியாது. அந்த விமான வகைக்கான கேட்டகரி, க்ளாஸ் ரேட்டிங் உங்ககிட்ட இருக்கணும், மெடிக்கலும் சரியா இருக்கணும். நண்பர் தன் லாக்புக்ல உங்க பேரை எழுதணும், இதை நிறைய பேர் விட்டுடுறாங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி, அந்த ஃப்ளைட்டுக்கு நீங்கதான் பி.ஐ.சி. (பைலட் இன் கமாண்ட், அதாவது முதன்மை பைலட்) பொறுப்புன்னு முடிவு பண்ணியிருந்தா, தகுதியும் இருந்தா, அந்த 1.4-ஐ பி.ஐ.சி.ன்னே எழுதலாம். இறங்கின பிறகு முடிவு பண்ற விஷயம் இல்ல இது.

இப்போ சார்ட்டர். இங்கதான் காசு போகுது. சார்ட்டர் ஃப்ளைட்டுக்கான பார்ட் 135 விதிகள்ல, பயணிகளோட ஐ.எஃப்.ஆர். (இன்ஸ்ட்ருமென்ட் விதிப்படி) போனா ரெண்டாவது பைலட் வேணும்னு 135.101 சொல்லுது. கம்பெனிக்கு அனுமதி இருந்தா அதுக்குப் பதிலா ஆட்டோபைலட் வச்சுக்கலாம். அதை விட்டுட்டு, முறையா ட்ரெய்னிங் கொடுத்து, பறக்கத் தகுதி இருக்கான்னு செக் எடுத்து உங்களை எஸ்.ஐ.சி.யா போட்டா, தாராளமா லாக் பண்ணுங்க. ஆனா பயணிகளை இறக்கிட்டு காலியா, பொதுவான பறத்தல் விதியான பார்ட் 91-ல திரும்பி வர்றீங்க பாருங்க, அந்தப் பயணப் பகுதியில (லெக்ல) எஸ்.ஐ.சி. கிடையாது. அதே விமானம், அதே சீட், அதே நாள்தான். அந்தக் காலி லெக்ல கண்ட்ரோல் முழுக்க உங்க கையிலயே இருந்து, மல்டி-இன்ஜின் ரேட்டிங்கும் இருந்தா, ஓட்டின நேரத்தை பி.ஐ.சி.ன்னு எழுதலாம். சும்மா ரேடியோ பேசிக்கிட்டு வந்தீங்கன்னா ஒண்ணுமே எழுத முடியாது.

2018 கடைசியில இன்னொரு கதவு திறந்துச்சு. ரெண்டாவது பைலட் கட்டாயமில்லாத 135 ஃப்ளைட்லயும், எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் கொடுத்த எஸ்.ஐ.சி. பயிற்சித் திட்டம் கம்பெனிக்கு இருந்தா அந்த நேரம் செல்லும். விமானம் மல்டி-இன்ஜினா இருக்கணும், இல்ல சிங்கிள்-இன்ஜின் டர்பைனா இருக்கணும். உங்க பக்கம் தனி கண்ட்ரோல்ஸ் வேணும். பி.ஐ.சி. உங்க லாக்புக்ல சான்று எழுதிக் கையெழுத்துப் போடணும். இந்த ஹவர்ஸை ஏ.டி.பி.க்குக் காட்டினா, சர்வதேச விமான அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வோட பி.ஐ.சி. அனுபவத் தகுதி இல்லைன்னு ஒரு வரி லைசன்ஸ்ல ஏறும். தேவையான அனுபவம் சேர்ந்த பிறகு அதை எடுத்துடலாம். வெளிநாட்டுல வேலை தேடுறவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டு சேருங்க.

2009-ல பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தாங்க. ஏர்லைன் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கும் (கோ-பைலட்டுக்கும்) ஏ.டி.பி. வேணும்ங்கிற சட்டம் அதுக்கப்புறம் வந்ததுதான். அதனாலதான் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு அடிதடி. அந்த அவசரத்தை வச்சு யாரோ காசு பார்க்கிறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியல. லாக்புக்ல பொய்யா எழுதினா எஃப்.ஏ.ஏ. விதிப்படி இருக்கிற லைசன்ஸ், ரேட்டிங் எல்லாத்தையும் பறிக்கலாம். சீட்டை வித்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, லாக்புக்ல கையெழுத்து உங்களோடது.

சீட் தர்றேன்னு சொல்றவங்ககிட்ட நேரா கேளுங்க: ஃப்ளைட் பார்ட் 91-ஆ, 135-ஆ? என்னை எஸ்.ஐ.சி.யா நியமிச்சு செக் எடுப்பீங்களா? அந்தத் திட்டத்துக்கு எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் பேப்பரைக் காட்டுவீங்களா? மழுப்பினா எழுந்து வந்துடுங்க. லாக் பண்ற ஒவ்வொரு எஸ்.ஐ.சி. வரிக்கும் பக்கத்துல ரிமார்க்ஸ்ல எந்த விதிப்படின்னு எழுதுங்க. எழுத ஒரு விதி கிடைக்கலேன்னா அந்த வரியை எழுதாதீங்க.