ஈய எழுத்தும் அரிசி எழுத்தும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் விடுமுறையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

தொழிலில் பின்தங்காமல் இருக்கப் பெற்றோர் ஓடும் ஓட்டத்தால் குடும்பத்துக்கு வரவு அதிகமா, இழப்பு அதிகமா? இதுதான் தலைப்பு. இழப்பே என்பது எங்கள் கட்சி. வரவே என்று பத்து நிமிடம் முழங்கிய எதிரணித் தலைவர், நடுவில் நான்கு முறை குனிந்து கைப்பேசியைப் பார்த்தார். பொங்கலன்றும் அலுவலகம் அவரை விடவில்லை, பாவம். அதையும் வரவுப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளட்டும்.

நான் 1985 இல் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக, அதாவது அச்சுக்கு எழுத்துக் கோப்பவனாகச் சேர்ந்தவன். இடக்கையில் எழுத்து அடுக்கும் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, கேஸ் என்னும் எழுத்துப் பெட்டியில் இருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட அறைகளிலிருந்து ஈய எழுத்துகளைக் கண்ணால் பார்க்காமலே பொறுக்கி அடுக்குவேன். எழுத்துச் சீர்திருத்தம் 1978 இலேயே வந்துவிட்டது. ஆனாலும் துதிக்கை வைத்த பழைய ‘லை’ எங்கள் கேஸின் ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்தது. எழுத்துக்கே ஓய்வு கொடுத்து உட்கார வைத்துவிடுகிறார்களே என்று அன்று சிரித்தேன். அடுத்த முறை எனக்கு என்று தெரியாது.

தொண்ணூறுகளில் கணினி வந்தது, பக்கம் கட்டும் பேஜ்மேக்கர் மென்பொருளோடு. “பேஜ்மேக்கர் தெரிந்தால் இரு, இல்லாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்” என்றார் முதலாளி. என்னோடு இருந்த மூவரில் ஒருவர் இரவுக் காவலுக்குப் போனார், ஒருவர் பால் ஊற்றப் போனார், இன்னொருவர் என்ன ஆனார் என்றே தெரியவில்லை. ஆகவே ஓடாவிட்டால் சோறு இல்லை என்று எதிரணி சொல்வதை நான் மறுக்கவில்லை. அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்த வரிசையில் யாரும் இல்லை.

நான் மறுப்பது அதற்கு அடுத்த வரியை, ஆகவே எல்லாம் வரவே என்பதை.

1999 விஜயதசமி. நல்ல நாள் பார்த்து கணினி வகுப்பில் சேர்ந்தேன். தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றுக்கொண்ட ஆண்டு அது. இடக்கைச் சுண்டுவிரல் நிற்கிற இடத்தில் ‘அ’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். அழுத்தினேன், திரையில் ‘அ’ விழுந்தது. முப்பது வயதில் எனக்கு மறுபடியும் அரிச்சுவடி!

அதே காலை, அதே நேரம், வீட்டில் மூன்று வயது மகளுக்கும் எழுத்தறிவித்தல். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, மடியில் உட்கார வைத்து, ஆள்காட்டி விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தவர் என் மாமனார். நான் திரும்பியபோது மாலை ஆறு மணி. தாம்பாளம் கூடத்திலேயே இருந்தது. சுழி கோணிய ஓர் ‘அ’, அதன் வால் விளிம்பு வரை ஓடி, நாலு அரிசி தரையில் சிந்தியிருந்தது. “நீ பார்ப்பாய் என்று அள்ளாமல் வைத்திருக்கிறேன்” என்றார் மாமனார். லட்சம் ‘அ’ கோத்த கை என்னுடையது. என் மகளின் முதல் ‘அ’வுக்கு அந்தக் கை இல்லை.

சரி, அந்த விலைக்கு வாங்கிய படிப்பு என்ன ஆயிற்று? 2001 இல் வந்த ஏழாம் பதிப்போடு பேஜ்மேக்கரே நின்றுபோனது. 2010 இல் அரசு, எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறி எழுத்துமுறைக்கு மாறியது. பழைய எழுத்துருவில் நான் தட்டிய கோப்புகளை இன்று வேறு கணினியில் திறந்தால் எலி ஓடிய தடம் போல் ஏதோ தெரிகிறது. மறுபடியும் வகுப்பு, மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைகள். மகள் அப்போது பத்தாம் வகுப்பை நெருங்கிக்கொண்டிருந்தாள். கற்றதெல்லாம் காலாவதியாகிவிட்டது நடுவர் அவர்களே. அந்தத் தாம்பாளம் மட்டும் இருபத்தைந்து ஆண்டு கழித்தும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

எதிரணி அம்மையார் சட்டம் பேசினார். பேறுகால விடுப்பு 2017 இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமானது என்றார். நல்ல சட்டம்தான், கைதட்டினேன். ஆனால் அந்த 26 வாரத்தில் அலுவலகத்தில் மாறிப்போனதை யார், எந்த நேரத்தில் சொல்லிக்கொடுப்பது? விடுப்பு முடிந்து திரும்பிய என் மகள் அதை இரவு பத்து மணிக்கு மேல் படித்தாள். குழந்தை என் தோளில். வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே வரம்பு கட்டியது. (எங்கள் அச்சகம் அந்தச் சட்டத்துக்குள் வரும் அளவுக்குப் பெரியதா என்பது வேறு கதை.) அந்த 48 இல் ஒரு மணி நேரமாவது புதிதாகக் கற்பதற்கு என்று யாராவது ஒதுக்கினார்களா? ட்ரெடில் அச்சு இயந்திரத்தை மாற்றியபோது முதலாளி தன் பையிலிருந்து பணம் கொடுத்தார். அங்கே நின்ற ஆளை மாற்றும் செலவை மட்டும் என் வீடு கொடுத்தது.

பிள்ளை அருகிலேயே உட்கார்ந்து நாமும் படித்தால் அதுவும் குடும்பப் பொழுதுதானே என்று கேட்டார் ஒரு தம்பி. தம்பிக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை என்று கேள்வி. ஆன பிறகு இதே மேடைக்கு வாருங்கள், நானே உங்களுக்குச் சால்வை போடுகிறேன்.

எனவே படிக்காதே, ஓடாதே என்று தீர்ப்பு எழுதும்படி நான் கேட்கவில்லை. இதுவரை ஓடியதற்கு எவர் பையிலிருந்து கொடுத்தோம் என்பதை மட்டும் கணக்குப் பாருங்கள். பார்த்தால் இழப்பே என்று எழுதுவீர்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்பது மணிக்குக் கடைசி பஸ். பேத்தி தூங்குவதற்குள் நான் வீடு போய்ச் சேர வேண்டும். நன்றி, வணக்கம்.