பெற்றோருக்குப் பாரமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘உஸ்பெக் கல்யாணக் கொடுக்கல் வாங்கல் பெண்ணுக்குப் பாதுகாப்பா, பெற்றோருக்குப் பாரமா?’ என்பது தலைப்பு. எதிரணித் தோழி, “அங்கே மாப்பிள்ளை வீடுதான் ‘கலின்’ என்னும் பரிசப் பணம் கொடுக்கிறது, பெண்ணைப் பெற்றவருக்கு என்ன கவலை?” என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

சரி, அந்தக் கலின் எங்கே போகிறது? பெண் வீட்டார் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. அதற்குமேல் கைக்காசும் போட்டு ‘செப்’ என்னும் சீர் வாங்குகிறார்கள். மணமக்கள் அறையில் பூவேலை செய்த மரப்பெட்டி. அதன்மேல் குர்பா, குர்பச்சா என்று பஞ்சடைத்த மெத்தைகள். பட்டு உறை, வெல்வெட் உறை, கூரையைத் தொடும் அடுக்கு. வந்த பெண்கள் வாழ்த்திக்கொண்டே கண்ணால் எண்ணுவார்கள்! போதாதென்று மாமியார், நாத்தனார் எல்லாருக்கும் ‘சர்போ’ உடுப்பு வேறு. மாப்பிள்ளை வீடு கொடுத்த பணம் மெத்தையாகி மாப்பிள்ளை வீட்டுக்கே திரும்புகிறது. இடையில் லாபம் ஜவுளிக்கடைக்கு.

பெண்ணைப் பெற்ற தாய்க்கு மாப்பிள்ளை வீடு தரும் பால் பணத்தைச் சொல்லி எதிரணித் தோழி உருகினார். தாய்க்கு மரியாதை, மறுக்கவில்லை. நிக்காஹ்வில் பேசும் மஹர் என்னும் மணக்கொடை மணப்பெண்ணுக்கே உரியது. அதுவும் எங்களுக்குச் சம்மதம். ஆனால் அதைக் காட்டி மெத்தை அடுக்கை நியாயப்படுத்த வேண்டாம்.

சீரில் வரும் ‘சூசனி’ என்னும் பூத்தையல் துணியைப் பாராட்டினார், நானும் பாராட்டுகிறேன். புகாரா, நூராத்தா ஊர்களில் துணிப் பட்டைகளைத் தற்காலிகமாகச் சேர்த்துத் தைத்து, மேலே கோலம் வரைந்து, மறுபடி பிரித்து ஆளுக்கொரு பட்டையாகத் தைப்பார்கள். பிறகு இணைக்கும்போது ஒரு பூவின் இரண்டு பாதி சற்றே விலகி நிற்கும். அம்மாவும் பாட்டியும் தைத்த அந்தச் சீருக்கு நான் எதிரியில்லை. இன்று பல வீடுகளில் சீர் என்றால் கடையில் வாங்கும் மெத்தை, அலமாரி, குளிர்பதனப் பெட்டி. அதற்காகத்தானே எத்தனையோ வீட்டு ஆண்கள் ரஷ்யாவில் செங்கல் சுமக்கிறார்கள்!

பாரமில்லை என்றால் அரசு ஏன் தலையிட்டது? 1920களில் சோவியத் ஆட்சி கலினைத் தடை செய்தது, வழக்கம் சாகவில்லை. 2019இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கல்யாணத்துக்கு 200 விருந்தினர், ஊர்வலத்துக்கு 3 கார் என்று வரம்பு கட்டின. காரை எண்ணலாம் நடுவரே, மெத்தையை எந்த அதிகாரி எண்ணுவார்?

கல்யாணத்தோடு முடிந்தாலாவது பரவாயில்லை. முதல் குழந்தை பிறந்ததும் ‘பெஷிக் தோயி’ என்னும் தொட்டில் விழா வரும். தொட்டில், குழந்தைக்கு உடுப்பு, மறுபடி சம்பந்தி வீட்டாருக்குச் சீர். கொண்டுபோக வேண்டியது யார்? அதே பெண்ணைப் பெற்றவர்தான். எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும்.