கேழ்வரகு ஓட்டில் லெமன் பை: முட்டை, வெண்ணெய், மைதா இல்லாமல்

வணக்கம். லெமன் பை என்றாலே மைதா, வெண்ணெய், முட்டை மூன்றும் வந்துவிடும். மைதா, அடியில் இருக்கும் ஓடு உடையாமல் பிடித்துக்கொள்ளும், வெண்ணெய் மொறுமொறுப்பைத் தரும், முட்டை உள்ளே இருக்கும் எலுமிச்சைக் கலவையைக் கெட்டியாக்கும். மூன்றையும் எடுத்துவிட்டால் அந்த வேலைகளை எது செய்யும் என்று பார்ப்போம். பெங்களூருவில் இருக்கும் நமக்குப் பாதி விடை மாவு டப்பாவிலேயே இருக்கிறது.

(காட்சி: வாணலியில் கேழ்வரகு மாவு)

1 கப் கேழ்வரகு மாவைச் சிறு தீயில் வாசம் வரும்வரை வறுங்கள். இல்லாவிட்டால் பச்சை வாடை எலுமிச்சையை மீறி வரும். ஆறியதும் முக்கால் கப் பாதாம் பொடி, 3 மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். கோதுமை மாவை ஒட்டவைக்கும் புரதமான குளூட்டன் கேழ்வரகில் கிடையாது, அதனால் மாவு உதிரும். 1 மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை 3 மேசைக்கரண்டி தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்தால், நறுக்கிய வெண்டைக்காய் போல வழவழப்பாகும். அதுதான் மாவைப் பிடிக்கும்.

வெண்ணெய்க்குப் பதில் கால் கப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேங்காய் எண்ணெய். அது ஏறக்குறைய 24 டிகிரியில்தான் உருகும். டிசம்பர், ஜனவரியில் இங்கே பாட்டிலிலேயே உறைந்திருக்கும். வெந்நீரில் வைத்து இளக்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் சீலியாக் நோய் (குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ளவர் இருந்தால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். கோதுமை அரைக்கும் மில்லில் கேழ்வரகையும் அரைத்தால் குளூட்டன் கலந்துவிடும். குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட் வாங்குங்கள்.

கலவையை 8 அங்குலத் தட்டில் விரலால் அழுத்தி, முள்கரண்டியால் குத்தி, 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் சுடுங்கள். கேழ்வரகு முதலிலேயே பழுப்பு, நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஓரம் தட்டை விட்டு லேசாக விலகினால் எடுத்துவிடலாம்.

(காட்சி: எலுமிச்சைத் தோல், மிக அருகில்)

இப்போது உள்ளே வைக்கும் கலவை. சுவை முழுக்க இதில்தான்.

நம் ஊர் எலுமிச்சைக்குத் தோல் மெல்லியது. பழத்தை வெட்டும் முன்பே, துருவியை லேசாகத் தொட்டபடி மஞ்சள் பகுதியை மட்டும் துருவுங்கள். வெள்ளை வந்தால் கசக்கும். துருவலை முக்கால் கப் சர்க்கரையில் போட்டு விரல்களால் தேயுங்கள். தோலில் இருக்கும் எண்ணெய் இறங்கி, சர்க்கரை ஈரமணல் பதத்துக்கு வரும்; வாசம் அடுத்த அறை வரை போகும். இங்கே நாட்டுச் சர்க்கரை வேண்டாம், நிறமும் மங்கும், எலுமிச்சையின் ருசியும் அடங்கிப்போகும்.

ஒன்றரை கப் கெட்டியான முதல் தேங்காய்ப்பாலில் 4 மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், அரை டீஸ்பூன் அகர் அகர் பொடி, இந்தச் சர்க்கரை, நிறத்துக்குத் துளி மஞ்சள்தூள். எல்லாவற்றையும் ஆறிய பாலிலேயே கரைத்துவிட்டு அடுப்பில் வையுங்கள். கலவையை உறையவைக்கும் அகர் அகர் கடற்பாசியிலிருந்து வருவது. ஜெலட்டின் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது, அதனால் அது ஆகாது. கைவிடாமல் கிளறி, கொதி வந்தபின் 2 நிமிடம் விடுங்கள்.

எலுமிச்சைச் சாறு இன்னும் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் மாவுச்சத்து உடைந்து கலவை நீர்த்துப்போகும், அகர் அகரும் வலுவிழக்கும். எவ்வளவு கிளறினாலும் அப்புறம் கெட்டியாகாது. அடுப்பை அணைத்த பிறகுதான் அரை கப் சாறு, 5 அல்லது 6 பழம். பழம் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்தது என்றால் சாற்றைச் சற்று வெளியே வைத்திருங்கள். ஜில்லென்று ஊற்றினால் அகர் அகர் ஆங்காங்கே கட்டி தட்டும்.

(காட்சி: ஓட்டில் ஊற்றுவது)

சூட்டோடு ஓட்டில் ஊற்றி, ஆறியதும் 4 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெட்டும்போது கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டால் துண்டு சுத்தமாக வரும். மீந்ததை மூடி வைத்து 2 நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள், வீட்டில் பிழிந்த தேங்காய்ப்பால் அதற்கு மேல் தாங்காது.