சேரும் முன் ஒருமுறை போய்ப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு எங்கள் பள்ளி அலுவலக வாசலில் பெற்றோர் கூட்டம் கூடிவிடும். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். என்னைப் பார்த்ததும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "சார், இந்த மார்க்குக்கு எந்த இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்கும்?" கட்-ஆஃப் கணக்கு இப்போது கிராமத்திலும் எல்லோருக்கும் மனப்பாடம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. அதை வைத்துக்கொண்டு போன ஆண்டுப் பட்டியலைப் புரட்டுவார்கள். "சரி, அந்தக் காலேஜை நேரில் பார்த்திருக்கிறீர்களா?" என்று நான் கேட்டால், "ஹைவேயில் போகும்போது ஆர்ச்சைப் பார்த்திருக்கோம் சார்" என்பார்கள்.

சந்தையில் மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்க மாட்டோம். பிள்ளை நான்கு ஆண்டுகள் இருக்கப்போகிற இடத்துக்கு ஆர்ச் போதும் என்று விட்டுவிடுகிறோம்.

2017 வரை பொறியியல் கலந்தாய்வுக்கு ஓசூர்க்காரரும் நாகர்கோவில்காரரும் சென்னை கிண்டிக்கு வந்தே ஆகவேண்டும். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில்தான் நடக்கும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசுப் பேருந்தில் மாணவருக்கும் கூட வருபவருக்கும் பாதிக் கட்டணம். விடியற்காலையில் வந்து இறங்கி, மரத்தடியில் துண்டை விரித்து, கட்டிவந்த புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்ட குடும்பங்களை அந்த நாட்களில் அங்கே போன யாரும் பார்த்திருப்பார்கள். பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். வாயிலுக்கு வெளியே கல்லூரிகளின் ஆட்கள் வண்ண நோட்டீஸைக் கையில் திணிப்பார்கள். அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அலைச்சலில் ஒரு லாபமும் இருந்தது. 1794-இல் மைக்கேல் டாப்பிங் எட்டு மாணவர்களோடு தொடங்கிய சர்வே பள்ளி வளர்ந்துதான் கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. அதன் சிவப்புக் கட்டடத்தையும், வகுப்புக்கு விரைகிற மாணவர்களையும், ஒரு பல்கலைக்கழகம் என்றால் எப்படி இருக்கும் என்பதையும் பதினேழு வயதுப் பிள்ளை தன் கண்ணால் பார்த்துவிட்டு ஊர் திரும்பியது. அங்கே இடம் கிடைக்காத பிள்ளையும் பார்த்தது.

2018-இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. நல்ல மாற்றம். கூலி வேலையை விட்டுவிட்டு அப்பா சென்னைக்கு ஓடவேண்டியதில்லை. பழைய முறை திரும்பவேண்டும் என்று நான் கேட்கவே மாட்டேன். ஆனால் இப்போது கல்லூரி என்பது திரையில் தெரியும் ஒரு குறியீட்டு எண். கிண்டிக்கு எண் 1, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரிக்கு 2, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான எண்கள். பிரவுசிங் சென்டரில் பின்னால் ஆள் காத்திருக்க, நாற்பது ஐம்பது எண்களை விருப்ப வரிசைப்படி அடித்து, 'லாக்' செய்து, அதாவது உறுதிசெய்துவிட்டு வருகிறார்கள். வரிசையில் பதினெட்டாவதாகப் போட்ட கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்பதே சேர்க்கைக் கடிதம் வந்த பிறகுதான் சிலருக்குத் தெரியும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வழி திறந்திருக்கிறது. 2022-இல் வந்த 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் களப்பயணம் அழைத்துப் போகிறோம். பேருந்து, சாப்பாடு எல்லாம் ஏற்பாடாகிவிடும். அப்படி ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்குப் போன நாளைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

முதலில் குளிரூட்டிய அரங்கில் உட்கார வைத்தார்கள். பிஸ்கட், ஜூஸ் பாக்கெட். திரையில் ஒரு மாணவரின் படம், பக்கத்தில் ஆண்டுச் சம்பளம் இத்தனை லட்சம் என்று கொட்டை எழுத்தில். எங்கள் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மைக்கைக் கண்டால் வாய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தோம். வரிசையாக, இரும்பைக் கடையும் லேத் மெஷின்கள், பச்சைப் பெயின்ட் பளபளவென்று. பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு மாணவி, அதிகம் பேசாத பெண், அங்கே நின்றிருந்த ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் போய்க் கேட்டாள்: "அண்ணா, இதை நாங்களே ஓட்டலாமா, இல்ல நீங்க ஓட்டிக் காட்டுவீங்களா?" அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு பேட்ச்சுக்கு முப்பது பேரும்மா. பத்து மெஷின் நிக்குது. ஓடுறது நாலு." அரங்கில் அரைமணி நேரம் காட்டிய படத்தில் இல்லாத தகவல் அது.

பக்கத்து மேஜையில் யாரோ ஒரு மாணவரின் ரெக்கார்டு நோட்டு கிடந்தது. புரட்டினேன். ஐந்து சோதனைகளுக்கும் ஒரே தேதி, ஒரே பேனா, ஒரே மூச்சில் போட்ட கையெழுத்து. சோதனை செய்து எழுதிய நோட்டு அல்ல அது. இயற்பியல் ஆசிரியருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கல்லூரியைப் பார்க்கப் போனால் அரங்கத்தில் உட்காராதீர்கள், லேபுக்குப் போங்கள். கருவிமேல் உறை போட்டிருந்தால் உறைமேல் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். மெஷினுக்கு அடியில் இரும்புச் சுருள் சிதறிக் கிடந்தால் நல்ல அடையாளம். அங்கே வேலை நடக்கிறது. கம்ப்யூட்டர் பிரிவு என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டரா, மூன்று பேர் ஒன்றைச் சுற்றி நிற்கிறார்களா என்று ஜன்னல் வழியாகவே தெரிந்துவிடும்.

அடுத்தது ஆசிரியர்கள். கல்லூரி இணையதளத்தில் ஆசிரியர் பட்டியல் நீளமாக இருக்கும். 2024-இல் என்ன வெளியே வந்தது, நினைவிருக்கிறதா? ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது. காகிதத்தில் ஆள் உண்டு, வகுப்பறையில் இல்லை. ஆகவே பட்டியலைச் செல்போனில் வைத்துக்கொண்டு துறையின் தாழ்வாரத்தில் நடந்து பாருங்கள். தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஆண்டுக்கு 60 இடம் உள்ள பிரிவில் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 240 மாணவர்கள். அப்படியானால், முதலாண்டுக்குக் கணிதம், ஆங்கிலம் எடுப்பவர்களையும் சேர்த்து 12 பேராவது இருக்கவேண்டும். கதவிலும் மேஜையிலும் பெயர்ப் பலகைகள் இருக்கும். எண்ணினால் தெரிகிறது. அங்கே இருக்கும் மூன்று ஆசிரியர்களிடம், "சார், இங்கே எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். மூன்று பேரும் "இந்த வருஷம்தான்" என்றால், ஆள் ஏன் நிற்பதில்லை என்று யோசிக்க வேண்டியதுதான்.

வாசலில் 'என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது' என்று பலகை இருக்கும். என்.பி.ஏ. என்றால் தேசிய அங்கீகார வாரியம். அந்த அங்கீகாரம் கல்லூரி முழுவதற்கும் கிடைப்பதில்லை, பாடப்பிரிவு வாரியாகத்தான் கொடுக்கிறார்கள். அதற்குக் காலக்கெடுவும் உண்டு. மெக்கானிக்கலுக்கு வாங்கியதை வைத்து ஐ.டி.யில் ஆள் சேர்ப்பார்கள். உங்கள் பிள்ளை சேரும் பிரிவுக்கு இந்த ஆண்டு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். தேர்ச்சி விகிதத்துக்குக் கல்லூரியைக் கேட்கவே வேண்டாம், அண்ணா பல்கலைக்கழகமே தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விவரத்தைப் பருவம்தோறும் வெளியிடுகிறது. வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

எந்த நாளில் போவது? ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஞாயிறன்று எல்லா வளாகமும் அழகாகத்தான் இருக்கும். தேர்வு முடிவு மே மாதம் வருகிறது. அப்போது பல கல்லூரிகளில் பருவத் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும், அப்புறம் விடுமுறை. அதனால் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே, கல்லூரி முழு ஓட்டத்தில் இருக்கும் ஒரு வேலைநாளில் போய்விடுவது நல்லது. காவலாளி நிறுத்தினால் "அட்மிஷன் விசாரிக்க வந்தோம்" என்றால் போதும், அந்த வார்த்தைக்குத் திறக்காத கேட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. உள்ளே விட்டதும் கூடவே ஒரு பி.ஆர்.ஓ.வை, அதாவது மக்கள் தொடர்பு அலுவலரை அனுப்புவார்கள். மரியாதையாக அவரோடு ஒரு சுற்று வந்துவிட்டு, பிறகு வெளியே வந்து எதிர்ப் பக்கத்து டீக்கடையில் உட்காருங்கள். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அங்கேதான் இருப்பார்கள். நாலரை மணிக்குக் கல்லூரி விட்டதும் அந்தக் கடையில் கிடைக்கிற செய்தி சேர்க்கை அலுவலகத்தில் கிடைக்காது. அரியர், அதாவது தேறாமல் நிற்கும் பாடம், எத்தனை பேருக்கு, பிளேஸ்மென்ட்டில் உண்மையில் எந்தக் கம்பெனி வந்தது, எதற்கெல்லாம் அபராதம் போடுகிறார்கள், எல்லாம் ஒரு டீக்குள் வந்துவிடும்.

ஹாஸ்டலில் சேர்க்கப்போகிற பெற்றோருக்கு ஒன்று. அறையைக் காட்டுவார்கள். கட்டிலையும் அலமாரியையும் பார்த்துத் திருப்தியாகிவிடுகிறோம். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். தாழ்வாரத்தில் வரிசையாக வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால், அங்கே தண்ணீர் நேரத்துக்குத்தான் வருகிறது என்று அர்த்தம். அம்மாக்கள் இதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறார்கள், அப்பாக்கள் கட்டடத்தின் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளையோடு யார் போவது என்று வீட்டில் பேச்சு வந்தால் அம்மாவை அனுப்புங்கள் என்பது என் கட்சி.

வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைக்கு இந்தப் பயணம் இன்னும் அவசியம். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு, பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி என்றால் என்னவென்று சாப்பாட்டு மேஜையிலேயே தெரிந்துவிடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு எச்.ஓ.டி. என்றால் துறைத் தலைவர் என்பதுகூடப் போன பிறகுதான் தெரியும். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பாடம் கேட்கப்போகிறவர்கள், முதல் பருவம் எப்படிச் சமாளித்தார்கள் என்று தங்களைப் போன்றே வந்த ஒரு மூத்த மாணவரிடம் கேட்கவேண்டும். ஒர்க்‌ஷாப்பில் கேள்வி கேட்டாளே அந்த மாணவி, அவளும் தமிழ் வழிதான். திரும்பி வரும்போது பேருந்தில் அவள் என்னிடம் கேட்டது, "சார், கவர்ன்மென்ட் காலேஜ் லேபையும் பார்க்க முடியுமா?" அடுத்த வாரம் அவள் அம்மாவோடு தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், பழைய மெஷின், ஆனால் எல்லாம் ஓடுகிறது என்றாள். விருப்பப் பட்டியலில் எந்த எண்ணை மேலே போடுவது என்று அவள் என்னிடம் கேட்கவில்லை.

கடைசியாக, போகும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நகல் போதும். "இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் கட்டணத்தில் குறைக்கிறோம், சர்டிபிகேட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. ஆனால் கொடுத்துவிட்டு விதியைக் காட்டி வாதாடுவதற்குள் கலந்தாய்வுச் சுற்று முடிந்துவிடும். "வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

வணக்கம்.