கில்கமேஷுக்கு ஐந்து கதைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பண்டைய மெசொப்பொத்தேமியாவின், அதாவது இன்றைய ஈராக் பகுதியின், அரசன் கில்கமேஷ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு நெடுங்காவியம். தோழன் என்கிடு இறக்கிறான். சாவுக்கு அஞ்சிய அரசன் சாகாவரம் தேடி அலைகிறான். பெருவெள்ளத்தில் தப்பியவனைக் கண்டு பேசுகிறான். அக்காடிய மொழியில் 12 களிமண் பலகைகளில் அமைந்தது அது. அதற்கும் முந்திய சுமேரிய மொழியில் அப்படியொரு காவியமே இல்லை. அங்கே இருப்பவை ஐந்து பாடல்கள். கீஷ் நகரத்து மன்னன் அகாவோடு நடந்த போர், தேவதாருக் காட்டுக் காவலன் ஹுவாவா, வானத்துக் காளை, பாதாள உலகம், கில்கமேஷின் மரணம் என்று ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். என்கிடுவும் அவற்றில் பெரும்பாலும் அரசனின் பணியாள்தான். இந்தப் பாடல்களைப் பிந்திய காவியத்துக்கான முன்வரைவாக எண்ணிப் படித்தால் அவற்றின் சுவை முழுக்கக் கைநழுவிப் போகும்.

தெற்கு ஈராக்கில் கி.மு. 2112 முதல் 2004 வரை ஆண்டது ஊர் என்ற நகரத்தின் மூன்றாம் வம்சம். அதன் மன்னன் ஷுல்கி, கில்கமேஷைத் தன் சகோதரன் என்றே பாடச் செய்தவன். ஊர், நிப்பூர் ஆகிய நகரங்களில் கல்விச் சாலைகள் வைத்ததாகவும் அவனுடைய துதிப்பாடல் பெருமை பேசுகிறது. வீரப் பாடல்கள் அந்த அரசவைச் சூழலில் உருப்பெற்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆனால் நம் கைக்கு வந்திருக்கும் படிகளில் மிகப் பெரும்பாலானவை அரசவையில் எழுதப்பட்டவை அல்ல. கி.மு. 1750ஐ ஒட்டிய காலத்தில், சுமேரியம் யார் வீட்டிலும் பேசப்படாத மொழியாகிவிட்ட பிறகு, எழுத்துப் பயின்ற மாணவர்கள் பாடமாக எழுதியவை அவை.

நிப்பூரில் 1951-52இல் தோண்டியெடுத்த ஒரு சிறிய வீட்டை ஆய்வாளர்கள் 'எஃப் வீடு' என்று அழைக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலகைத் துண்டுகள் அங்கே கிடைத்தன. பழைய பலகைகளைத் தரையிலும் சுவரிலும் செங்கல் போல வைத்துக் கட்டியிருந்தார்கள். எழுதி முடித்த பலகையை ஊறவைத்துப் பிசைந்து மறுபடி பயன்படுத்தத் தொட்டியும் இருந்தது. மாணவனுக்கு முதலில் ஆப்பெழுத்தின், அதாவது களிமண்ணில் ஆப்பு வடிவில் பதிக்கும் எழுத்தின், கோடுகள், பிறகு அசைகள், பெயர்ப் பட்டியல்கள், மரச் சாமான்களின் பெயர்கள், எடையும் அளவும், பெருக்கல் வாய்ப்பாடு, பழமொழிகள். இத்தனையும் தாண்டிய பின்பே இலக்கியம். அதில் அடிப்படையான பத்துப் பாடல்களின் வரிசையில் பத்தாவது, கில்கமேஷும் ஹுவாவாவும்.

ஒரு பயிற்சிப் பலகையை அருகில் வைத்துப் பாருங்கள். இடது பாதியில் ஆசிரியரின் அழகான மாதிரி. வலது பாதியில் மாணவன் அதையே எழுதி, அழித்து, மீண்டும் எழுதுவான். சுரண்டிச் சுரண்டி அந்தப் பக்கம் மட்டும் மெலிந்துபோயிருக்கும். பின்பக்கத்தில் முன்பே படித்த பாடத்தின் நீண்ட பகுதி இருக்கும். கைதேர்ந்த மாணவனுக்குத் தனிப் பலகை. அதில் ஏறத்தாழ 20 முதல் 30 வரிகள் கொள்ளும். அகா பாடலுக்குச் சுமார் 114 வரிகள், ஹுவாவா பாடலுக்கு 200க்கு மேல். ஆகவே ஒரு பாடலை முழுதாகப் படிக்கப் பல பலகைகளைக் கோக்க வேண்டும். மனப்பாடமாக எழுதுகிறவன் வரியை விட்டுவிடுவான், வரிகளை இடம் மாற்றுவான், அதே ஒலியுடைய வேறு குறியைப் போட்டுவிடுவான். அதனால் எல்லாப் படிகளையும் வரிக்கு வரி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி ஒப்பிட்டுத்தான் பாடலின் சரியான வாசகம் நிச்சயிக்கப்படுகிறது.

இன்னொரு சிக்கல், துண்டுகள் பிரிந்து கிடப்பது. 1889இல் தொடங்கிய நிப்பூர் அகழாய்வில் கிடைத்தவை இஸ்தான்புல், பிலடெல்பியா, யேனா ஆகிய மூன்று நகரங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரே பலகையின் மேல்பாதி ஒரு நாட்டிலும் கீழ்பாதி இன்னொரு நாட்டிலும் இருந்ததுண்டு. அவற்றைப் பொருத்துவதில் வாழ்நாளைச் செலவிட்டவர் சுமேரியவியல் அறிஞர் சாமுவேல் நோவா கிரேமர். அகா பாடலை 1949இல் அவர் பதிப்பித்தார்.

எனக்கு மிகப் பிடித்த பாடல் அதுதான். கடவுள் எவரும் இறங்கி வந்து உதவாத வீரக்கதை. அகாவின் தூதர்கள் கில்கமேஷ் ஆளும் உருக் நகரத்துக்கு வருகிறார்கள். கிணறு தோண்டும் வேலையைப் பற்றிய பேச்சு எழுகிறது. கீஷுக்குக் கட்டாய ஊழியம் செய்ய வேண்டும் என்ற கோரிக்கையாகவே பலர் அதைக் கொள்கிறார்கள். கில்கமேஷ் முதியோர் அவையைக் கேட்கிறான், பணிந்துபோவோம் என்கிறார்கள். இளைஞர் கூட்டத்தைக் கேட்கிறான், பணியாதே என்கிறார்கள். அகா வந்து முற்றுகையிடுகிறான். வெளியே போன பிர்ஹுர்துரா என்ற வீரன் வாயிலிலேயே பிடிபட்டு அடிபடுகிறான். அப்போது மதில்மேல் ஒருவன் தலைகாட்ட, "அவன்தான் உன் அரசனா?" என்று அகா கேட்கிறான். இல்லை, என் அரசனாக இருந்தால் உன் படை புழுதியில் புரண்டிருக்கும் என்கிறான் பிர்ஹுர்துரா. பிறகு கில்கமேஷே மதிலேறி நிற்கிறான். அதே கேள்வி, இம்முறை "ஆம்." சொன்னபடியே படை சரிகிறது, அகா தன் சேனை நடுவிலேயே பிடிபடுகிறான். ஆனால் கில்கமேஷ் அவனைக் கொல்லவில்லை. ஒரு காலத்தில் தனக்கு உயிர்ப்பிச்சை தந்தவன் அகா என்பதைச் சொல்லி, கீஷுக்கே அனுப்பிவைக்கிறான். வெற்றியைவிடப் பழைய நன்றிக்கடனே இப்பாடலின் முடிவு.

ஹுவாவா பாடலோ இதற்கு நேர்மாறு. அங்கே வீரன் வெல்வது வஞ்சகத்தால். ஹுவாவாவை அச்சமூட்டும் ஏழு பேரொளிகள் காக்கின்றன. என் தமக்கையை உனக்கு மணமுடித்துத் தருகிறேன் என்று பசப்பி அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுகிறான் கில்கமேஷ். அந்தத் தமக்கைக்கு அவன் சொல்லும் பெயர் என்மேபாரகேசி. அது உண்மையில் கீஷ் மன்னன் ஒருவனின் பெயர், அகாவின் தந்தையுடையது! பாடம் படித்த மாணவர்கள் இங்கே சிரித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பிடிபட்டவன் அழும்போது கில்கமேஷுக்கு இரக்கம் வருகிறது. கழுத்தை அறுப்பவன் என்கிடு. கடவுள் என்லில் கோபிக்கிறார்: அவனை உட்காரவைத்து உங்கள் அப்பத்தை உண்ணக் கொடுத்திருக்க வேண்டும் என்கிறார்.

படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் அகா, அடுத்து ஹுவாவா, மூன்றாவதாகப் பாதாளப் பாடல். இந்த மூன்றாவதைப் படித்தவருக்கு அக்காடியக் காவியத்தின் பெரிய புதிர் ஒன்று விடுபடும். காவியத்தின் 7ஆம் பலகையில் இறந்துபோன என்கிடு, 12ஆம் பலகையில் உயிரோடு வருகிறானே, எப்படி? பாதாளப் பாடலின் பிற்பாதியை அப்படியே அக்காடியத்தில் பெயர்த்து 12ஆம் பலகையாகச் சேர்த்திருக்கிறார்கள். சுமேரியப் பாடலில் என்கிடு அதற்கு முன் இறக்கவே இல்லை; அரசனின் விளையாட்டுப் பொருள்கள் பாதாளத்தில் விழுந்துவிட, அவற்றை எடுத்துவர உயிரோடு இறங்கி அங்கே சிக்கிக்கொள்கிறான்.

வணக்கம்.