தாழிக்குள் ஒரு சாப்பாட்டுக் கிண்ணம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆதிச்சநல்லூர் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது முதுமக்கள் தாழிதான். இறந்த ஆளையே உள்ளே வைத்துப் புதைக்கிற பானை என்றால் சும்மாவா? ஆனால் நான் இன்று பேச வந்தது, தாழிக்குள்ளும் பக்கத்திலும் வைத்திருந்த சின்னச் சின்னச் சட்டிகளைப் பற்றி.

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் பரம்பு, அதாவது மேட்டு நிலம் அது. 1876-இல் பெர்லினிலிருந்து வந்த ஆய்வாளர் யாகோர் தோண்டி, கிடைத்ததைக் கொண்டுபோனார். 1899-இலிருந்து தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். நெற்றியில் கட்டும் தங்கப் பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் கிடைத்தன. பேச்செல்லாம் அவற்றின் பக்கமே போய்விட்டது. தங்கம் இருக்கிற இடத்தில் சட்டியை யார் பார்ப்பார்கள்! 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது 160-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன.

சரி, சட்டிக்கு வருவோம். ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கமும் வாய் விளிம்பும் கறுப்பு. வெளியே அடிப்பக்கம் சிவப்பு. இரண்டு சாயம் பூசியதல்ல. சூளையில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். வைக்கோலிலும் சாம்பலிலும் புதைந்த வாய்ப்பக்கம் காற்றுப் படாமல் கறுத்துவிடும். காற்றும் தீயும் பட்ட அடிப்பக்கம் சிவக்கும். கறுப்பு-சிவப்புப் பானை என்று இதைத்தான் சொல்கிறோம். ஊரில் புழங்கியதும் இதே வகைதான். சாவுக்கென்று தனியாக ஒரு வகை கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

அவற்றில் என்ன இருந்தது? ஆதிச்சநல்லூர்ப் பானைகளில் நெல் உமி கண்டதாக ரீ எழுதிவைத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல்லின் உமியை, அதன் காலத்தை அறியக் கரிமப் பகுப்பாய்வுக்கு அனுப்பினார்கள். கி.மு. 1155 என்று வந்தது. 2021-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். நம் வீடுகளில் இன்றைக்கும் வாய்க்கரிசி போடுகிறோமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மூவாயிரம் வருடத்தை ஒரே முடிச்சில் கட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.

என்னை நிறுத்திவைத்தது வேறொன்று: பிரிமனை. அடி உருண்டையான பானை தரையில் நிற்காது, உருளும். அதற்காக வீட்டில் வைக்கோல் பிரியைச் சுற்றி வைப்போம். இந்தக் குழிகளில் அதே வளையம் சுட்ட மண்ணில் கிடைக்கிறது. மண்ணைப் போட்டு மூடப்போகிற குழி. அதற்குள்ளும் பானை சாய்ந்துவிடக் கூடாதென்று யாரோ குனிந்து ஒரு பிரிமனையை வைத்து, அதன்மேல் பானையை அமர்த்தியிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.