வாசல் வரை வந்து திரும்பும் பிள்ளைகள்

(வளரிளம் பருவத்தினரின் நலச் சேவைகளுக்காகக் குரல் கொடுக்கும் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். தம்பி தங்கைகளே, பதாகையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இன்றைக்கு ஒரு நோட்டும் கடிகாரமும் போதும்.

2014 ஜனவரி 7 அன்று மத்திய அரசு ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற, வளரிளம் பருவத்தினருக்கான தேசிய நலத் திட்டத்தைத் தொடங்கியது. 10 முதல் 19 வயது வரை, படிப்பவர், படிப்பை நிறுத்தியவர், மணமானவர், ஆகாதவர் எல்லோரும் இதில் அடக்கம். பாலியல், இனப்பெருக்க நலமும் இதன் ஆறு பிரிவுகளில் ஒன்று. அதனால் நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. காகிதத்தில் இருப்பது வாசலில் ஏன் இல்லை என்றுதான் கேட்கிறோம்.

முதலில், இந்தத் திட்டத்தில் வளரிளம் பருவத்தினருக்காக அமைந்த நல மையத்துக்குப் போய்ப் பாருங்கள். 18 வயது நிறைந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தனித்தனியே போகட்டும். வட்டார மருத்துவ அலுவலரிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். எந்த நாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். வெள்ளைப்படுதல், மாதவிடாய் வலி, சொப்பன ஸ்கலிதம் (தூக்கத்தில் விந்து வெளியேறுதல்) என்று ஏதாவது சாதாரணச் சந்தேகம் கேட்டால் போதும். உடல் பரிசோதனைக்கு இணங்க வேண்டாம். எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள்? "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்வி வரிசையில் நின்றவர் காதில் விழுந்ததா? "அம்மாவைக் கூட்டிட்டு வா" என்றார்களா? வெளியே வந்ததும் எழுதிவிடுங்கள், மறுநாளைக்கு மறந்துவிடும்.

மையத்தின் பெயர்ப் பலகையையும் பாருங்கள். மேற்கு வங்கத்தில் இந்த மையங்களுக்கு 'அன்வேஷா' என்றும் கர்நாடகத்தில் 'சினேகா' என்றும் பெயர். பால்வினை நோய்ப் பிரிவு என்று எழுதிய கதவைத் தள்ளிக்கொண்டு போகப் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் துணிவு வருமா?

நேரம்தான் பெரிய சிக்கல். பள்ளி நடக்கும் நேரத்தில் திறந்து, பள்ளி விடும் முன் மூடும் மையம் யாருக்காக? அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். மையம் வியாழக்கிழமை மட்டும் திறந்தால், வெள்ளியன்று தேவைப்பட்ட 19 வயதுப் பெண்ணுக்கு அடுத்த வியாழன் எதற்கு? லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அவசரக் கருத்தடை மாத்திரைக்கு மருந்துச் சீட்டு தேவையில்லை என்கிறது விதி. தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் கேட்டால் "இல்லை" என்பதுதான் பதில்.

இனி நம் பக்கத்துத் தவறு. சக நண்பர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொண்டர்கள், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பாலியல் குற்றம் நேர்ந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. இருவரும் விரும்பிப் பழகினாலும் இந்தச் சட்டம் விலக்குத் தருவதில்லை. அந்தப் பயத்தில்தான் கருவுற்ற பெண் மருத்துவரிடம் போகாமல் போலி வைத்தியரிடம் போகிறாள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரும் அடையாளமும் இருக்க வேண்டியதில்லை. இந்தத் தீர்ப்பின் நகலை மருத்துவ அலுவலரிடமும் ஆலோசகரிடமும் கொடுங்கள். ஆயிரம் முழக்கத்தைவிட அது உதவும். பேச உட்காரும் பிள்ளையிடம், கதையைக் கேட்கும் முன்பே, எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதிலும் தடுமாறுகிறோம். திரை கட்டுவதும் பெயர் கூப்பிடும் முறையை மாற்றுவதும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராலேயே முடியும். காலியான ஆலோசகர் பணியிடத்தை அவரால் நிரப்ப முடியாது; அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனுப் போடுங்கள். பணியிடம் எப்போதிலிருந்து காலி, ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவு எவ்வளவு, வந்த ஆண் பெண் எண்ணிக்கை என்ன? 30 நாளில் பதில் தர வேண்டும். வந்தவர்களின் பெயரைக் கேட்டுவிடாதீர்கள்.

பதிலோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு. "விழிப்புணர்வு வேண்டும்" என்று கேட்டால் கை தட்டி அனுப்பிவிடுவார்கள். "வாரம் இரண்டு நாள் மாலை 4 முதல் 6 வரை மையம் திறந்திருக்க வேண்டும்" என்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அந்த நாளும் மணியும் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகு எழுந்து வாருங்கள்.